இடுப்பு மூட்டுத் தேய்வு: அறிந்து கொள்வோம், அலட்சியம் தவிர்ப்போம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி நம் உரையைத் தொடங்குகிறோம்.

ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவைப் பற்றியும் மதரஸாவைப் பற்றியும் பேசுவது வழக்கம். இவ்வாண்டு நிர்வாகத்தாரின் இசைவோடு உடல்நலம் பற்றிய ஒரு செய்தியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். காரணம் நம் கண் முன்னாலேயே இருக்கிறது. முன்பெல்லாம் பள்ளிவாசலின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகள் கிடக்கும். இன்று எந்த ஊர்ப் பள்ளிக்குச் சென்றாலும் ஸஃப்பின் இரு முனைகளிலும் நாற்காலிகள் வரிசையாக இருக்கின்றன. நாற்காலியில் தொழலாமா என்று மஸ்அலா கேட்டு வருவோர் பலர். ஆனால் தம்மை நாற்காலியில் அமர்த்திய நோய் எது என்று தெளிவாக அறிந்தவர் மிகச் சிலரே. முழங்கால் தேய்வைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு மேலே உள்ள இடுப்பு மூட்டைப் பற்றிப் பேசுவோர் இல்லை. எனவே அதைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

நாம் மருத்துவர் அல்லோம். மருத்துவ உலகம் ஆய்ந்து சொல்லியிருப்பதை எளிய தமிழில் எடுத்துரைப்பதும், அதையொட்டிய மார்க்கச் சட்டத்தை விளக்குவதுமே நம் பணி. உங்கள் உடலைத் தொட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

இடுப்பு என்பது எது?

முதற் குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. "இடுப்பு வலி" என்று நாம் சொன்னால், கைலி கட்டும் இடத்திற்குப் பின்னால், முதுகுத் தண்டின் அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டுகிறோம். அது முதுகெலும்பின் வலி. இடுப்பு மூட்டு அங்கே இல்லை. தொடை எலும்பின் மேல் முனை பந்துபோல் உருண்டு, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிக்குள் பொருந்தியிருக்கும் இடமே இடுப்பு மூட்டு. அது தொடை இடுக்கின் ஆழத்தில் இருக்கிறது.

ஆகவே இம்மூட்டில் நோய் வந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில், அதாவது கவட்டைப் பகுதியில் தோன்றும். அங்கிருந்து தொடையின் முன்புறமாக இறங்கும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே வலி தெரியும். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் செல்லும் நரம்புகள் பொதுவானவை என்பதால், மேலே உள்ள நோய் கீழே உள்ள வலியாகப் புலப்படுகிறது. நோய் ஓரிடம், வலி வேறிடம்.

இத்துடன் வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. கவட்டையில் வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்ல ஆண்களே கூசுகிறார்கள். பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. "முட்டி வலி" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நாம் அறிந்த பெரியவர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் முழங்காலுக்குத் தைலம் தடவினார். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார். முழங்காலுக்கு உறை மாட்டினார். வலி குறையவில்லை. ஜும்ஆவுக்கு வருவதும் நின்றது. பிறகு வேறொரு மருத்துவர் அவரைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கிக் காலை உள்புறமாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் நோய் மேலே இருக்கும் மூட்டில் என்று தெரிந்தது. சோதனைக்கு எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடத்தை அடைய அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. மார்க்கச் சட்டத்தைக் கேட்பதில் வெட்கம் தடையாக இருக்கக் கூடாது என்று நாம் ஓதியிருக்கிறோம். மருத்துவரிடம் நோயைச் சொல்வதிலும் அவ்வாறே இருக்க வேண்டும்.

மூட்டில் நடப்பது என்ன?

பந்தின் மீதும் கிண்ணத்தின் உள்ளேயும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதற்கிடையே மெல்லிய திரவம் எண்ணெய்போல் இருந்து உராய்வைக் குறைக்கிறது. குருத்தெலும்பிற்குத் தனியே இரத்தக் குழாய்கள் இல்லாமையால், அது சேதமுற்றால் பழையபடி வளர்வதில்லை. அது மெலிந்து, வெடித்து, இடைவெளி குறைகிறது. கீழே உள்ள எலும்பு கெட்டிப்படுகிறது. ஓரங்களில் முள்போல் எலும்பு வளர்கிறது. மூட்டைச் சுற்றிய உறை வீங்கி இறுகுகிறது. இதுவே ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் மூட்டுத் தேய்வு. தேய்வு என்று பெயரிருப்பினும், இது செருப்பு தேய்வதைப் போன்றதன்று. மூட்டு முழுவதும் பங்குகொள்ளும் ஒரு நோய் இது. ஆதலால்தான் அசையாமல் வைத்திருந்தால் தேயாது என்னும் எண்ணம் தவறாகிறது.

ஒற்றைக் காலில் உடலைத் தாங்கும் ஒவ்வொரு எட்டிலும் இம்மூட்டின் மீது உடல் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையைப் பேசும்போது இது பயன்படும்.

யாருக்கு வருகிறது?

வயது முதற் காரணம். மிகை எடை, பரம்பரை, பல ஆண்டுகள் கடும் பாரம் சுமந்த உழைப்பு, பழைய எலும்பு முறிவு, பிறவியிலேயே கிண்ணம் ஆழமின்றி இருத்தல், சிறு வயதில் மூட்டில் ஏற்பட்ட நோய் ஆகியனவும் காரணங்களாகும். ஐரோப்பியரிடம் இடுப்பு மூட்டுத் தேய்வு மிகுதி. ஆசிய மக்களிடம் அது குறைவு, முழங்கால் தேய்வே மிகுதி. நம் நாட்டில் இடுப்பு மூட்டு கெடுவதற்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது. அதை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

பந்துப் பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டால் அந்த எலும்பு மடிந்து, நாளடைவில் நொறுங்கித் தட்டையாகிவிடும். இதனை ஏ.வி.என். என்று மருத்துவர்கள் அழைக்கிறார்கள். முப்பது, நாற்பது வயதினருக்கும் இது வருகிறது. மதுப் பழக்கமும், ஸ்டீராய்டு மருந்தை அளவின்றி உட்கொள்வதும் இதன் முக்கியக் காரணங்கள். மது ஹராம் என்பதை நாம் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஸ்டீராய்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூச்சிரைப்புக்கும் வேறு சில நோய்களுக்கும் மருத்துவர் கணக்கிட்டுத் தரும் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. அதனைத் தாமாக நிறுத்தவும் கூடாது. ஆனால் சீட்டின்றிக் கடையில் வாங்கும் மாத்திரையிலும், உடனே வலி பறந்துவிடும் என்று பெயரில்லாப் பொட்டலத்தில் தரும் பொடியிலும் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூட்டு வலிக்காக உண்ட பொடியே மூட்டைக் கெடுத்துவிடக் கூடும். ஏ.வி.என். தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். எனவே இளவயதினருக்குத் தொடை இடுக்கில் விடாத வலி இருந்தால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று அதோடு விட்டுவிடலாகாது.

அறிகுறிகள்

தொடை இடுக்கில் வலி. காலையில் எழுந்ததும் சிறிது நேரம் மூட்டு பிடித்துக்கொண்டு பின் இளகுதல். சம்மணமிட்டு அமர இயலாமை. குத்துக்காலிட்டு அமர்வது கடினமாதல். குனிந்து கால் நகம் வெட்ட முடியாமை. காலுறை, கால்சட்டை அணியத் திணறல். பேருந்துப் படி ஏறுவதிலும் இருசக்கர வாகனத்தில் காலைத் தூக்கிப் போடுவதிலும் சிரமம். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடத்தல். தொழுகையாளிக்கு இன்னும் விரைவாகத் தெரியும். ஸஜ்தாவிலிருந்து எழுவதும், அத்தஹிய்யாத் இருப்பில் காலை மடக்குவதும் முன்போல் இல்லாமையே முதல் எச்சரிக்கை. இத்தகைய குறிகள் சில வாரங்கள் நீடித்தால் எலும்பு மூட்டு மருத்துவரைக் காணுங்கள். முழங்காலோடு இடுப்பு மூட்டையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

சில குறிகள் காத்திருக்க விடாதவை. காய்ச்சலுடன் மூட்டில் கடும் வலி, கீழே விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை, இரவில் உறங்கவிடாத வலியுடன் உடல் மெலிதல் ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதியவர் வழுக்கி விழுந்து எழ முடியாமற் போனால், எண்ணெய் தடவி உருவிவிடுவதும் இறுகக் கட்டுவதும் ஆபத்தாகும்.

முதுமை என்று விட்டுவிடலாமா?

"வயதாகிவிட்டது, இனி என்ன?" என்று பலர் சொல்கிறார்கள். பொறுமை போலத் தோன்றும் இச்சொல்லைச் சற்று ஆராய்வோம். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமப்புற அரபியர் வினவியபோது, நபிகளார் (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தார்கள். முதுமையைத் தவிர ஏனைய நோய்களுக்கெல்லாம் இறைவன் நிவாரணம் வைத்திருப்பதாகவும் அறிவித்தார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் வாயிலாக இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது.

இதைக் கொண்டே மூட்டு நோயையும் முதுமைக் கணக்கில் எழுதிவிடுவோர் உண்டு. அது சரியன்று. வயது கூடுவதைத் தடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எண்பது வயதிலும் இடுப்பு மூட்டு நலமாக இருப்போர் பலர். ஐம்பதிலேயே கெட்டவரும் பலர். ஆகவே இது வயதோடு வரும் நோயே தவிர, வயதே இந்நோய் அன்று. மருந்து இருக்கும் நோயை மருந்தில்லாதது என்று தீர்மானித்து மூலையில் அமர்வது தவக்குலுக்கு எதிரானது. ஒட்டகத்தைக் கட்டியபின் இறைவனிடம் ஒப்படைப்பதே தவக்குல்.

சிகிச்சை: முதற்படிகள்

தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் மருந்து இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அப்படித் தருவதாக எவர் விளம்பரம் செய்தாலும் எச்சரிக்கையாக இருங்கள். ஆயினும் வலியைக் குறைத்து நடமாட்டத்தைக் காக்க உறுதியான வழிகள் உள்ளன. அமெரிக்க வாத நோய் மருத்துவர் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் வலிமையாகப் பரிந்துரைக்கும் வழிகளுள் உடற்பயிற்சியும், எடை மிகுந்தோர் எடை குறைத்தலும், கைத்தடியும் அடங்கும். மூன்றுக்கும் செலவு மிகக் குறைவு.

முதலாவது, உடற்பயிற்சி. மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் வலுப்பெற்றால் மூட்டின் பாரம் குறையும். ஒருக்களித்துப் படுத்து மேற்காலை நீட்டியபடி மெல்ல உயர்த்தி இறக்குதல். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்துப் பிட்டத்தை உயர்த்துதல். சன்னல் கம்பியைப் பிடித்து நின்று காலைப் பின்னோக்கி நீட்டுதல். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். இவற்றை இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். சமதரையில் நடப்பதும், இருக்கையை உயர்த்தி வைத்து மிதிவண்டி ஓட்டுவதும் நல்லவை. பயிற்சியின்போது இலேசாக வலிப்பதில் தீங்கில்லை; மறுநாளும் வலி தங்கினால் அளவைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். ஒரு வாரம் செய்துவிட்டுப் பயனில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, எடை. முன்னே சொன்ன கணக்கின்படி, ஐந்து கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் மூட்டின் பாரம் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ வரை குறைகிறது. வலீமா விருந்து பிரியாணியையும், நோன்புக் கஞ்சியோடு நில்லாமல் தொடரும் வடை, சமோசாவையும் இந்தக் கணக்கோடு எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

மூன்றாவது, கைத்தடி. வலிக்கும் கால் எதுவோ அந்தப் பக்கத்துக் கையில் தடி பிடிப்பதே நம்மவர் வழக்கம். அது தவறு. வலது இடுப்பு மூட்டில் நோய் இருந்தால் இடக்கையில் தடி இருக்க வேண்டும். வலக்காலும் இடக்கைத் தடியும் ஒன்றாகத் தரையில் ஊன்ற வேண்டும். அப்போது உடல் சாயாமல் காக்கும் இடுப்புத் தசையின் வேலையைத் தடி பகிர்ந்துகொள்கிறது; மூட்டின் பாரம் கணிசமாகக் குறைகிறது. கைத்தடி பிடிப்பது இழிவன்று. அது நபிமார்களின் கையில் இருந்த பொருள்.

மருந்துகள்

வலி மாத்திரைகள் பயன் தருவனவே. ஆனால் அவை நோயைத் தீர்ப்பதில்லை, வலியை அடக்குகின்றன. டைக்ளோபினாக் போன்றவற்றை மாதக்கணக்கில் தாமாக வாங்கி விழுங்கினால் வயிற்றுப் புண், இரத்தக் கசிவு, சிறுநீரகக் கேடு, இரத்த அழுத்த உயர்வு, இதய நோய் ஆகியவை நேரலாம். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்போர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. ரமளானில் வெறும் வயிற்றில் விழுங்குவதும், போதிய நீர் அருந்தாமல் தொடர்ந்து உண்பதும் மேலும் தீங்கானவை. நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலுக்குத் தடவும் வலிநீக்கிக் களிம்பு இடுப்பு மூட்டில் அவ்வளவாகப் பயன்படாது. மூட்டு மிக ஆழத்தில் இருப்பதே காரணம். குளுக்கோசமைன் மாத்திரையையும், இடுப்பு மூட்டில் ஹயலுரானிக் அமிலம் செலுத்தும் ஊசியையும் மேற்சொன்ன நெறிகள் வேண்டாம் என்றே கூறுகின்றன. ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே துணையோடு மூட்டுக்குள் செலுத்தும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். அதை வல்லுநரே செலுத்த வேண்டும்.

மூட்டு மாற்று அறுவை

இவற்றுக்குப் பின்னும் வலி உறக்கத்தைக் கெடுத்து, நடையை முடக்குமானால் மூட்டு மாற்று அறுவையே வழி. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் மருத்துவர் 1962ஆம் ஆண்டில் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் கொண்டு செய்த முறையே இன்றைய அறுவைக்கு அடிப்படை. கெட்ட பந்தை நீக்கி, தொடை எலும்பினுள் உலோகத் தண்டைப் பொருத்தி, கிண்ணத்திற்கும் புதிய உறை வைக்கிறார்கள். பெரும்பாலோர் ஓரிரு நாளிலேயே வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்குகிறார்கள். "பத்தாண்டுதான் உழைக்கும்" என்ற அச்சம் பழையது. 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, இடுப்பு மாற்று மூட்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்திருக்கின்றன.

எல்லா அறுவையையும் போல இதிலும் இடர்கள் உண்டு. கிருமித் தொற்று, இரத்தக் கட்டி, மூட்டு நழுவுதல், கால் நீளத்தில் சிறு வேறுபாடு ஆகியன அவை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், புகைப்பதை நிறுத்துவதும், பல்லில் சீழ் இருந்தால் முன்பே தீர்த்துக்கொள்வதும் இடரைக் குறைக்கும்.

அறுவை முடிந்தவர் பொருத்தப்பட்ட மூட்டின் பெயரும் எண்ணும் உள்ள ஒட்டுத்தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். இதை ஏன் வலியுறுத்துகிறோம் எனில், உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். என்னும் இடுப்பு மூட்டை டிப்யூ நிறுவனம் 2010 ஆகஸ்ட் மாதம் உலகெங்கும் திரும்பப் பெற்றது. நம் நாட்டில் சுமார் 4,700 அறுவைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. 2018இல் மத்திய அரசின் நிபுணர் குழு பாதிக்கப்பட்டோருக்கு 30 லட்சம் ரூபாயிலிருந்து இழப்பீட்டை வகுத்தது. ஆனால் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டறிய இயலவில்லை. கையில் ஆவணம் இருந்தால்தான் உரிமை கோர முடியும்.

எங்கே செல்வது? செலவுக்கு என்ன செய்வது?

நம் பகுதிக்கு இறைவன் வசதிகளை அளித்திருக்கிறான். விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் முண்டியம்பாக்கத்தில் இயங்கிவருகிறது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையிலேயே இருப்பதால் இரு ஊராருக்கும் பேருந்து வசதி உண்டு. திண்டிவனத்தார் முதலில் தம் ஊர் அரசு மருத்துவமனையில் காட்டிப் பரிந்துரை பெறலாம். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது; திண்டிவனத்திலிருந்து புதுவை செல்லும் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். மூட்டு மாற்று அறுவையும் அதில் அடங்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளலாம். நோய் வந்தபின் ஓடாமல், அட்டையை இப்போதே வாங்கி வைப்பது அறிவுடைமை. நடக்க இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே வருகிறார். வட்டிக்குக் கடன் வாங்கி அறுவை செய்யும் நிலை நம் ஜமாஅத்தில் எவருக்கும் வரக் கூடாது.

தொழுகையும் ஹஜ்ஜும்

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் மூல நோயால் வருந்தியபோது, நின்று தொழவும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நபிகளார் (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. இயன்ற அளவே கடமை என்பதே சட்டத்தின் அடிப்படை. தரையில் ஸஜ்தாச் செய்ய இயலாதவர் அமர்ந்து சைகையால் தொழலாம். ருகூஉவுக்குக் குனிவதைவிட ஸஜ்தாவுக்குச் சற்று அதிகம் குனிய வேண்டும். இயல்பாக ருகூஉவும் ஸஜ்தாவும் செய்யக் கூடியவர் வசதிக்காக நாற்காலியை நாடலாகாது. யார் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது போன்ற நுண்ணிய விவரங்களை அவரவர் மத்ஹபின் ஆலிமிடம் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியில் தொழும் சகோதரரை ஓரக்கண்ணால் பார்ப்பதும், "நேற்று கடைத்தெருவில் நடந்தாரே" என்று பேசுவதும் புறம் பேசும் பாவத்தில் சேரும். நடக்க முடிந்தவருக்கு மடக்க முடியாமலிருக்கும் என்பதே இந்நோயின் இயல்பு.

மூட்டு மாற்றியவர்கள் தொடக்க வாரங்களில் இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கலாகாது என்றும், கால் மேல் கால் போடலாகாது என்றும், தாழ்ந்த இருக்கையில் அமரலாகாது என்றும் பெரும்பாலான மருத்துவர்கள் கூறுகிறார்கள். மீறினால் மூட்டு நழுவக் கூடும். எனவே மருத்துவர் அனுமதிக்கும்வரை நாற்காலித் தொழுகையே அவருக்குச் சட்டம். மனம் வருந்த வேண்டியதில்லை. உடலுக்குள் இருக்கும் உலோகத்தால் ஒளுவுக்கோ குளிப்புக்கோ குறைவில்லை. இறந்தபின் அதை வெளியே எடுக்க வேண்டியதும் இல்லை.

ஹஜ், உம்ரா நாடுவோர் மூட்டு வலியை மறைத்துப் பயணம் புறப்படாதீர்கள். ஸஃபா, மர்வா இடையே ஏழு முறை செல்வது மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல். உரிய காலத்திற்கு முன்பே சிகிச்சை பெற்றால் நடந்தே நிறைவேற்றலாம். இயலாதவருக்கு வாகனம் உண்டு. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் உடல்நலக் குறைவை எடுத்துரைத்தபோது வாகனத்தில் அமர்ந்தபடி தவாஃப் செய்ய நபிகளார் (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள்.

ஜமாஅத்தார்க்கு வேண்டுகோள்

நிறைவாக மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஒன்று, இரு ஊர்ப் பள்ளிவாசல்களிலும் உயர்ந்த இருக்கையுள்ள வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்றேனும் அமைய வேண்டும். ஒளுச் செய்யும் இடத்தில் சில இருக்கைகளை நாற்காலி உயரத்திற்கு எழுப்பி, அருகே பிடிமானக் கம்பியும், படிகளில் கைப்பிடியும் பொருத்த வேண்டும். குத்துக்காலிட முடியாத காரணத்தால் வீட்டோடு தங்கிவிட்ட பெரியவர்கள் ஜமாஅத்துக்குத் திரும்புவார்கள். இரண்டு, காப்பீட்டு அட்டை இல்லாக் குடும்பங்களைக் கணக்கெடுத்து, படித்த இளைஞர்கள் உடன் சென்று பதிந்து தர வேண்டும். மூன்று, வீட்டில் உள்ள தாய்மாரைக் கவனிக்க வேண்டும். அருவாமனையில் குந்தி அமர்ந்து ஆயுள் முழுதும் சமைத்த அவர்கள் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. "அம்மா, சம்மணமிட முடிகிறதா? கால் நகம் வெட்ட முடிகிறதா?" என்று பிள்ளைகளே கேளுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமெனில் கேட்டுப் பெறுங்கள். அவர்கள் நின்று தொழ நாம் செய்யும் உதவிக்கு அவர்களின் துஆவே கூலியாகப் போதும்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் பூரண ஷிஃபாவை அளிப்பானாக! நலமாக இருப்போரின் நலத்தைக் காப்பானாக! நம் பெற்றோரின் முதுமையை வலியற்றதாக்கி, இறுதிவரை அவனுடைய இல்லத்தை நோக்கி நடக்கும் கால்களை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.